அக்கா சாப்பிட்டுப் பார்த்த டப்பா

அக்கா சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகாமல் எங்களில் ஒருவருக்கும் சோறு கிடையாது. அது அந்த வீட்டுச் சட்டம். செங்கல்பட்டில் பள்ளிவாசலுக்குப் பின்னால் போகும் சந்தில், ஓடு போட்ட இரண்டு அறை வீடு. விடியுமுன் உலை வைத்துவிடுவார். ஆறு மணிக்குள் சோறு, குழம்பு, ஒரு பொரியல் எல்லாம் தயாராகிவிடும். அதன் பிறகு, வாசலில் நாங்கள் காத்து நிற்பதைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல், தட்டில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, அடுப்போரம் பலகையில் உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லி நிதானமாகச் சாப்பிடுவார். முடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அது ஆறு ஐந்து காட்டினால் ஆறு முப்பத்தைந்துக்குத்தான் எங்கள் கேரியர்கள் நிரம்பும். ஏழு மணி பஸ்ஸுக்கு நாங்கள் ஓட வேண்டியிருக்கும்.

"லேட்டாவுதுக்கா" என்று யாராவது முனகினால், "பஸ்ஸு பூட்டா அடுத்த பஸ்ல போ. உனுக்கு வவுத்த வலிச்சா உங்கம்மாவுக்கு நானா பதில் சொல்றது?" என்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கடற்கரையில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வேலைக்கு வந்திருந்தோம். கல்யாணமாகாத நாங்கள் பதினொரு பேர் செங்கல்பட்டில் அறை எடுத்துத் தங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் வேலை பஸ்ஸில் தினமும் போய்வந்தோம். நான் சேலம் பக்கம். வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, அங்கே ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கும் உதவியாளனாக இருந்தேன். எங்கள் மதியச் சாப்பாடு அக்கா வீட்டிலிருந்து போனது.

என் பெயர் அவர் வாயில் கடைசிவரை நுழையவில்லை. 'கெமிஸ்டு தம்பி' என்றுதான் கூப்பிடுவார். கெமிஸ்ட் என்றால் மருந்துக் கடைக்காரன் இல்லை, தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவன் என்று ஒருமுறை விளக்கினேன். "அப்போ கண்ணுக்குத் தெரியாததெல்லாம் உனுக்குத் தெரியும்னு சொல்லு" என்றார். நான் மறுக்கவில்லை. இருபத்துமூன்று வயதில் ஒருவர் அப்படிச் சொல்வது நன்றாகத்தான் இருந்தது.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. புடவைத் தலைப்பு தலையை விட்டு நழுவியதை நான் பார்த்ததில்லை. கணவர் இறந்து வெகு காலம். பாத்திமா என்று ஒரே மகள், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அம்மாவுக்குக் கூடமாட உதவிக்கொண்டிருந்தாள். அக்கா கல்யாண வீடுகளுக்குப் போவார், ஆனால் கை நனைக்க மாட்டார். எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். கழுவி வைத்த டம்ளரைக்கூட மூக்கருகே கொண்டுபோய்விட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார்.

ஒரு காணும் பொங்கலுக்கு அவரையும் பாத்திமாவையும் மகாபலிபுரம் அழைத்துப் போனோம். நானும், அறைத் தோழன் ராமலிங்கமும். கடற்கரை முழுவதும் ஜனம். தள்ளுவண்டியில் நன்னாரி சர்பத் விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். ராமலிங்கம் நாலு கிளாஸ் சொல்லப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கிளாஸ் வாங்கித் தானே குடித்தார். பிறகு எங்களை மணலில் உட்கார வைத்தார்.

"என் மூஞ்சியையே பாத்துகினு இருங்க. நா சாயலன்னா போயி வாங்கிக் குடிங்க."

அரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தோம். அவரும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்து எழுந்து பார்த்தால் வண்டிக்காரன் கூட்டத்தில் எங்கோ போய்விட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் ராமலிங்கம் அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்தான்.

ரமலான் மாதம் வந்தால் அக்கா எங்களுக்குச் சமைக்க மாட்டார். முப்பது நாளும் ஓட்டல் சாப்பாடுதான். நோன்பு வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பது கஷ்டம் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். உண்மையான காரணத்தைப் பாத்திமாதான் ஒருநாள் சொன்னாள். அவளுக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்திருக்கிறான். அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு நோன்பு நாளில் அக்கா அவனுக்குப் பால்சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறார். பால் கெட்டுப்போயிருந்திருக்கிறது. நோன்பு என்பதால் அவர் அதை வாயில் வைத்துப் பார்க்கவில்லை. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம், அதில் தவறில்லை என்று பின்னால் யாரோ அவருக்குச் சொன்னார்களாம். அதற்குள் பையனைப் புதைத்தாகிவிட்டது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான்.

"அதனாலதான் அண்ணா அம்மா இப்பிடி. நீங்க சிரிக்காதீங்க" என்றாள் பாத்திமா. அதன் பிறகு ராமலிங்கம் சர்பத் கதையைச் சொல்வதில்லை.

*

பிளாஸ்டிக் டப்பாவை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்.

எங்கள் அலுமினியக் கேரியர்கள் பழசு. கொக்கி நிற்காது. பஸ் குலுங்கிய குலுங்கலில் ஒருநாள் சாமான் வைக்கும் மேல்தட்டிலிருந்து புளிக்குழம்பு ஒழுகி, கீழே உட்கார்ந்திருந்த அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. இனி கேரியர் எடுத்து வருகிறவன் நடந்தே வரட்டும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். அந்த வாரமே நான் கடைத்தெருவுக்குப் போய், மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை ஆளுக்கு இரண்டாக வாங்கி வந்தேன். சிவப்பு சோற்றுக்கு, பச்சை குழம்புக்கு. அப்போது அவை புதுசு. வீட்டில் ஒன்றிரண்டு வைத்திருப்பவர்கள் அதை வந்தவர்களுக்குக் காட்டுவார்கள்.

அக்கா ஒவ்வொன்றையும் முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"இன்னா தம்பி, மண்ணெண்ணெக் கடையில நிக்கிற மாதிரி கீது."

"புதுசுக்கா. நாலு தடவ கழுவுனா போயிடும்."

புளித் தண்ணீரில் ஊற வைத்தார். அரப்பு போட்டுத் தேய்த்தார். வெயிலில் காய வைத்தார். வாசனை குறைந்தது. ஆனால் கொதிக்கும் குழம்பை ஊற்றி மூடி, மதியம் திறந்தால் அது திரும்பி வந்திருக்கும். குழம்பின் மஞ்சள் நிறம் டப்பாவில் ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. "மஞ்ச உள்ள போவுதுன்னா, உள்ள கீறது வெளிய வராதா?" என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன். பின்னாளிலும் அந்தக் கேள்வியை அவரைவிடச் சரியாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

சில மாதம் கழித்து அச்சரப்பாக்கத்தில் இருந்த தங்கை வீட்டுக்கு அவர் போய்வந்தார். தங்கையின் கணவர் பழைய சாமான் வாங்கி விற்கிறவர். வீட்டுக் கொல்லையில் உடைந்த பக்கெட், அறுந்த செருப்பு, உரமூட்டையின் உள்பை, வயல்காடுகளிலிருந்து வந்த பூச்சிமருந்து கேன்கள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்திருக்கின்றன. கேன்களில் மண்டையோட்டுப் படம். இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறார். லாரியில் பட்டணத்துக்குப் போகும், அங்கே உருக்கிப் புதிதாகப் பக்கெட், டப்பா என்று ஊற்றுவார்கள் என்று தங்கை கணவர் சொல்லியிருக்கிறார். எது எதில் போகும் என்று கேட்டதற்கு, அக்காவை லாத்தா என்று கூப்பிடும் அவர், "அது யாருக்கு லாத்தா தெரியும்?" என்றாராம்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது பழைய கேரியர்கள் பரணிலிருந்து இறங்கியிருந்தன. கொக்கிகளைச் சணல் கயிற்றால் கட்டி, துணி சுற்றிக் கொடுத்தார். என்னை மட்டும் நிறுத்தி, ஒரு பச்சை டப்பாவைக் காகிதத்தில் மடித்துக் கையில் தந்தார்.

"உங்க ஆபீஸ்ல வெச்சு இத்த பாத்துச் சொல்லு தம்பி. சுடச்சுட ஊத்துனா இதுலேர்ந்து எதுனா எறங்குதான்னு. நீ சொல்றவரிக்கும் நா இதுல போடமாட்டேன்."

"சரிக்கா, பாத்துச் சொல்றேன்."

அந்த டப்பா என் மேசை இழுப்பறையில் மூன்று வாரம் இருந்தது. எனக்குத் தெரிந்த சோதனைகள் தண்ணீரில் உப்பையும் சுண்ணாம்பையும் கண்டுபிடிக்கும். பிளாஸ்டிக்கிலிருந்து எது இறங்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். போய்க் கேட்டிருக்கலாம். சாப்பாட்டுக்காரம்மா கொடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்கள் முன் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. காகிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

அக்கா தினமும் கேட்டார். கூட வந்தவர்கள் என்னைப் பிய்த்தார்கள். கேரியர் மறுபடி ஒழுகத் தொடங்கியிருந்தது, டிரைவர் கத்தத் தொடங்கியிருந்தார். "சீக்கிரம் பாத்துச் சொல்லித் தொலையேன்டா, பேஜாரா இருக்கு" என்றான் ராமலிங்கம்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை, "பாத்துட்டேங்கா. ஒண்ணும் இல்ல" என்றேன்.

"எப்பிடிப் பாத்த?"

"வெந்நி ஊத்தி வெச்சு, அந்தத் தண்ணியில மருந்து விட்டுப் பாத்தோம். விஷம் இருந்தா நிறம் மாறும். மாறல."

அவர் முகம் தெளிந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. என் தலையைத் தொட்டு, "அல்லா உன்ன நல்லா வெக்கட்டும். மனசுல கல்லாட்டம் இருந்துச்சு" என்றார். கேரியர்களைத் தங்கை கணவரிடமே பழைய சாமானுக்குப் போட்டுவிட்டார்.

*

எங்களில் ஒவ்வொருவராகக் கல்யாணமாகி நிலையத்தின் குடியிருப்புக்கோ வெளியூருக்கோ போனார்கள். போகிறவனுக்கு அக்கா அவனுடைய சிவப்பு டப்பா நிறைய அல்வா கிளறிக் கொடுத்தனுப்புவார். "டப்பாவ நீயே வெச்சுக்கோ. நாளைக்கி உன் புள்ளைக்கி ஆவும்" என்பார். அப்படி ஐந்து டப்பா போனது. ஒன்று, அங்கே மாற்றலாகிப் போன ஒருவனோடு ராஜஸ்தான்வரை போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தட்டில் இல்லை. சூட்டில் கோணிப்போன ஒரு பழைய சிவப்பு டப்பாவில். உள்ளே ஊற்றிய கஞ்சியிலிருந்து ஆவி பறந்தது.

"இதுல ஏன்கா குடிக்கிறீங்க?"

பாத்திமா பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "நல்லா கேளுங்க. எட்டு மாசமா மூணு வேளையும் இதான். கொதிக்கக் கொதிக்க ஊத்தி, ஒரு மணி நேரம் மூடி வெச்சுட்டு, மறுபடி சுடவெச்சு ஊத்திக் குடிக்குது. சொன்னா கேக்கமாட்டேங்குது."

அக்கா அவசரப்படாமல் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "நீங்க ஒரு வேள துன்றீங்க. நா மூணு வேள துன்னா, உங்களுக்கு மூணு வருசத்துல வர்றது எனுக்கு ஒரு வருசத்துல தெரிஞ்சிடும்ல? ஒண்ணுமில்லன்னா அப்பறம் நிம்மதி."

"நான்தான் பாத்துச் சொன்னனே. நம்பலயா?"

"நம்புறதாலதான் தம்பி தெகிரியமா துன்றேன். நீ பாக்காம இருந்தா தொட்டிருப்பனா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பாத்திமா பின்கட்டில் இருந்தாள், நாங்கள் இருவர் மட்டும்தான் அடுப்படியில் இருந்தோம், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பாத்திரத்தில் கஞ்சி ஊற்றித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பி வந்தேன். அன்று மாலை முழுவதும் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரில் எத்தனை பேர் அதில் சாப்பிடுகிறார்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்று. மறுநாள் காலை வழக்கம்போல் போய் என் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அவர் மெலியத் தொடங்கினார். ஏற்கனவே ஒல்லியான உடம்பு என்பதால் நாங்கள் கவனிக்கவில்லை. காலையில் சாப்பிட்டுப் பார்க்கும் கவளங்கள் குறைந்தன. பிறகு, சாப்பிட்டதும் பலகையிலிருந்து எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டு வருவார். ஒருநாள் நாங்கள் போனபோது அடுப்பு மூட்டியிருக்கவில்லை. பாத்திமா மட்டும் வாசலில் நின்றாள். "அம்மாவால துன்ன முடியல. துன்னாம உங்களுக்கு அனுப்பமாட்டேங்குது" என்றாள். அத்தோடு எங்கள் சாப்பாடு நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரலில் கட்டி என்றார்கள். வளர்ந்துவிட்டது, கத்தி வைத்துப் பயனில்லை என்றார்கள். மருத்துவரைத் தனியாகப் பிடித்து நான் டப்பா விஷயத்தைச் சொன்னேன். அதனால் வந்திருக்குமா என்று கேட்டேன். அவர் வயதானவர், களைத்திருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"எனக்குத் தெரியாது தம்பி. அதனாலதான்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. அதனால இல்லைன்னு சொல்லவும் ஒண்ணும் இல்ல. டப்பாவே பாக்காதவங்களுக்கும் இது வருது" என்றார்.

எவ்வளவு சுலபமாக அவர் தெரியாது என்று சொன்னார் என்பதுதான் அப்போது என் மனதில் நின்றது.

*

வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தாள் பாத்திமா. கண்ணும் தோலும் மஞ்சளாகியிருந்தன. நான் தினமும் மாலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் போவேன். அவர் தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரே கேள்விதான்.

"எனுக்கு வந்துடுச்சே தம்பி. அந்தப் பசங்களுக்கு?"

"உங்களுக்கு வந்ததுக்கும் டப்பாவுக்கும் சம்பந்தமில்லக்கா."

"அதான் நானும் நெனச்சிகினு கீறேன். நீ பாத்தது இருக்கே. அத்த நெனச்சாதான் கொஞ்சம் தூக்கம் வருது."

நான்கு நாள் அதைத் தாங்கினேன். ஐந்தாம் நாள் சொல்லிவிட்டேன். பார்க்கவே இல்லை, இழுப்பறையில் கிடந்தது, எனக்கு எப்படிப் பார்ப்பது என்றே தெரியாது, பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. பாரத்தை இறக்கி வைக்க அவரைத் தவிர வேறு இடம் எனக்கு இருக்கவில்லை. அந்த நிலையில் இருக்கும் ஒருவர் மேல் அதை இறக்குகிறேன் என்று அப்போது தோன்றவில்லை.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா போதுமே தம்பி" என்றார். "தெரியாதுன்னா நா அலுமினியத்துலயே போட்டிருப்பேன். அவ்ளோதான. நீ கண்டுபிடிக்கணும்னு நா கேக்கலியே."

பிறகு எழுந்து உட்கார முயன்றார். முடியவில்லை. பாத்திமா தோளைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். "அல்வா குடுத்து அனுப்புன புள்ளைங்க எத்தினி பேரு? அஞ்சு. அஞ்சு பேருக்கும் லெட்டர் எழுது. இப்பவே எழுது" என்றார்.

மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல. டப்பாவைத் தூக்கிப் போடு. குழந்தைக்கு அதில் எதையும் வைக்காதே. சூடாக எதையும் ஊற்றாதே. அக்கா தெரியாமல் கொடுத்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. கடைசியில் ஒன்று சொன்னார்: "கெமிஸ்டு தம்பி அன்னிக்கி பாக்கலியாம், அத்தயும் எழுது."

அந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதவில்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. குர்ஆன் ஓதுவார், அவ்வளவுதான். ஐந்து கடிதத்திலும் விட்டுவிட்டேன்.

உள்ளூரில் மிச்சமிருந்தவர்களிடம் நேரிலேயே சொன்னேன். ராமலிங்கம் தன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா பாவம்டா. நோவுல என்னென்னமோ தோணும்" என்றான். அதை அவன் வேலை பஸ்ஸில் வைத்துச் சொன்னான். அதற்குள் எங்களுக்குச் சாப்பாடு வேறு வீட்டிலிருந்து அதே டப்பாக்களில் வரத் தொடங்கியிருந்தது.

அக்கா தினமும் பதில் வந்ததா என்று கேட்டார். வரவில்லை. இரண்டு வாரமாயிற்று. தண்ணீர்கூட இறங்காத நிலை வந்த பிறகும் அந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு மதியமே போனேன். பாத்திமா மருந்து வாங்கப் போயிருந்தாள். அக்கா கண்ணைத் திறந்து, உதட்டை மட்டும் அசைத்தார். பதில் என்ற சொல் காதில் விழவில்லை, உதட்டில் தெரிந்தது.

என் சட்டைப் பையில் ஊரிலிருந்து அண்ணன் எழுதிய இன்லண்ட் கடிதம் இருந்தது. அதை எடுத்துப் பிரித்தேன்.

"ராஜஸ்தான்லேர்ந்து வந்திருக்குக்கா" என்றேன். கிணறு வெட்டுவதைப் பற்றி அண்ணன் எழுதியிருந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே படித்தேன். அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது, டப்பாவை அன்றே தூக்கிப் போட்டுவிட்டோம், நாங்கள் எல்லாரும் சுகம், பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. "இன்னொரு தபா படி" என்றார்.

படித்தேன். முதலில் என்ன சொன்னேன் என்பது வரி வரியாக நினைவில் இல்லை. கிடைத்தது, போட்டுவிட்டோம், சுகம், பையனுக்குப் பல் முளைத்திருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

அவர் கை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தேன். அதை வாங்கி, விரலால் தடவி, எழுத்துகளை முகத்தருகே வைத்துப் பார்த்தார். பிறகு மடிப்பு கலையாமல் மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மொதல்ல பையன் நடக்குறான்னு படிச்ச."

"ரெண்டும் எழுதியிருக்குக்கா."

"சரி" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பாத்திமா வரும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பவில்லை. அதன் பிறகு பதில் வந்ததா என்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை போய்விட்டார். கபரஸ்தானுக்குத் தூக்கிப் போனபோது எங்களில் நான்கு பேர் பின்னால் நடந்தோம்.

அடக்கம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ராஜஸ்தானிலிருந்து உண்மையாகவே ஒரு கடிதம் வந்தது. என் பெயருக்கு. அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்து தானும் மனைவியும் மிகவும் வருந்துவதாக எழுதியிருந்தான். டப்பாவைப் பற்றி அவர் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாமென்று சொல்லும்படி எழுதியிருந்தான். நீ ஆய்வுக்கூடத்தில் பார்த்து நல்லது என்று சொன்ன டப்பா அல்லவா, அதனால் குழந்தைக்குக் கஞ்சி அதில்தான் ஆற்றிக் கொடுக்கிறோம், மற்றதையெல்லாம் விட இதில்தான் எங்களுக்குப் பயமில்லை என்று எழுதியிருந்தான்.

அன்றைக்கே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் எழுதினேன். நான் பார்க்கவில்லை, பார்க்கத் தெரியாது, அந்த டப்பா நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, செங்கல்பட்டு ஜங்ஷன் தபால்பெட்டியில் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. இன்னொன்றும் எழுதினேன். அதற்கும் வரவில்லை.